சந்துப் பக்கத்து ஜன்னல்

செருப்பைக் கழற்ற வேண்டாம் அண்ணா, அப்படியே வாருங்கள். பெருக்கிப் பெருக்கிப் பார்த்துவிட்டேன், கண்ணாடித் தூள் எங்கேயிருந்தோ வந்துகொண்டே இருக்கிறது. நேற்று என் குதிகாலில் ஒன்று ஏறியது. நானே ஊசி வைத்து எடுத்துக்கொண்டேன். யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் அதற்கு யார் காரணம் என்று ஒரு சண்டை வரும்.

இதுதான் ஜன்னல். அந்த ஃபிளெக்ஸை விலக்கிப் பாருங்கள். யாரோ ஒரு பெண்ணுடைய சடங்குக்கு அடித்த ஃபிளெக்ஸ், அப்பா எங்கிருந்தோ கொண்டுவந்து ஆணி அடித்துவிட்டார். அந்தப் பெண் கிரீடம் வைத்துக்கொண்டு ஒரு வாரமாக என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிரேமுக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடிதான் போச்சு. இரண்டும் போச்சு.

அளவு எடுப்பதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டு விஷயத்தில் நாலு பேர் உங்களிடம் நாலு விதமாகச் சொல்வார்கள். அப்பா ஒன்று சொல்வார், அம்மா ஒன்று சொல்வாள். சந்துக்கு அந்தப் பக்கம் நின்று சித்தப்பா ஒன்று சொல்வார். அவர் வாயைத் திறப்பதற்குள் சித்தி சொல்லி முடித்திருப்பாள். எதையும் காதில் வாங்காதீர்கள். இந்த ஜன்னலைக் கேட்டு வாங்கியவள் நான். இந்த வீட்டில் நான் கேட்டு வாங்கியது இது ஒன்றுதான்.

டபுள் கிளாஸ் போடுங்கள். போன தடவை போட்ட மாதிரியே. ஆனால் இந்தத் தடவை திறக்கவே முடியாதபடி போடுங்கள். கைப்பிடிகூட வேண்டாம்.

காற்று வேண்டாமா என்கிறீர்களா? வேண்டாம். வெந்து செத்தாலும் பரவாயில்லை. நிம்மதியாக வெந்து சாகிறேன்.

இல்லை அண்ணா, கோபமெல்லாம் இல்லை. என் பேச்சே இப்படித்தான்.

என் பேர் மோனிஷா. பதினேழு வயது. பிளஸ் ஒன் பாதியில் நின்றுவிட்டேன். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். வீட்டில் கஷ்டமா, காதலா, உடம்பு சரியில்லையா என்று. ஒன்றும் இல்லை. எனக்குப் படிப்பு வரவில்லை. வரவில்லை என்றால் வரவில்லை. வராததை உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பதற்கு எனக்குப் பொறுமை இல்லை. ஒரு நாள் புத்தகப் பையைப் பீரோவுக்கு மேலே தூக்கிப் போட்டேன், அவ்வளவுதான். ஆனால் ஒன்று எனக்கு அப்போது தோன்றவில்லை. பள்ளிக்கூடம் போகிறவரைக்கும் பகலில் நான் இந்தச் சண்டையிலிருந்து தப்பித்துக்கொண்டிருந்தேன். நின்ற பிறகு முழு நேரமும் வீடு. முழு நேரமும் சாட்சி.

சாட்சி என்றால் என்ன என்று சொல்கிறேன். உட்காருங்கள், அந்தக் கட்டிலில் தூள் இல்லை.

இது முன்னால் ஒரே வீடு. தாத்தா போன பிறகு இரண்டாகப் பிரித்தார்கள். இந்தப் பக்கம் அப்பாவுக்கு. அந்தப் பக்கம் அப்பாவுடைய தம்பிக்கு, அதாவது சித்தப்பாவுக்கு. நடுவில் இருக்கிற சந்தும் சித்தப்பாவுக்கு. அந்தச் சந்தில்தான் தவமணிச் சித்தி மாவு அரைக்கிறாள். அதோ தெரிகிறது பாருங்கள், பெரிய கிரைண்டர், பெல்ட் போட்ட மோட்டார். அம்மாப்பேட்டையில் பாதிக் கடைக்கு அவள் மாவுதான் போகிறது. அரிசி ஒரு தடவை, உளுந்து ஒரு தடவை, விடிவதற்கு முன்னால் ஆரம்பித்தால் மத்தியானம் வரை ஓடும். அந்தச் சத்தம்கூட எனக்குப் பிரச்சினை இல்லை. மோட்டார் ஓடும்போது சித்தி அதைவிடச் சத்தமாகப் பேசுவாள். அம்மா சித்தியைவிடச் சத்தமாகப் பேசுவாள். அதுதான் பிரச்சினை.

எதற்குச் சண்டை என்று கேட்காதீர்கள். அம்மா இங்கே நின்று தலை வாரினால் முடி பறந்து மாவில் விழுகிறது என்று சித்தி ஆரம்பிப்பாள். உளுந்து கழுவின தண்ணீர் எங்கள் சுவரில் ஊறுகிறது என்று அம்மா ஆரம்பிப்பாள். எங்கே ஆரம்பித்தாலும் சித்தியுடைய கல்யாணத்தில்தான் போய் நிற்கும். அந்தக் கல்யாணத்துக்கு அம்மா எடுத்துக் கொடுத்த சேலையில் ஓட்டை இருந்ததாம். வேண்டுமென்றே ஓட்டைச் சேலை எடுத்தாய் என்பாள் சித்தி. நீயே கிழித்துவிட்டு ஊரெல்லாம் காட்டினாய் என்பாள் அம்மா. அப்புறம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்புவார்கள்.

"நீயே சொல்லுடி."

நான் பிறப்பதற்கு முன்னால் நடந்த கல்யாணம் அண்ணா. அதற்கும் நான்தான் சாட்சி.

சிரிக்காதீர்கள். ஒரு நாள் இருந்து பாருங்கள், தெரியும். அம்மா பக்கம் சொன்னால், "பெத்த பொண்ணு வேற எப்படிச் சொல்லும்" என்பாள் சித்தி. சித்தி பக்கம் சொன்னால் அம்மா அன்றைக்கு எனக்குச் சோறு போடும்போது தட்டைத் தள்ளிவிடுவாள். எனக்குத் தெரியாது என்று சொன்னால் இரண்டு பேரும் சேர்ந்து திட்டுவார்கள். அழுத்தக்காரி என்பார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை.

அப்பா எங்கே என்றால், அப்பா அரசு பஸ் டிரைவர். சேலம் சென்னை. ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு வந்து பகலில் படுப்பார், இதே அறையில், காதில் பஞ்சை வைத்துக்கொண்டு. அவரை யாரும் சாட்சிக்குக் கூப்பிட மாட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டால் அவருக்கு விடுதலை. நான் கண்ணை மூடினால் உலுக்கி எழுப்புவார்கள்.

போன சித்திரையில் அம்மாவுக்குக் கண்ணாடி மாற்ற ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மெயின் ரோட்டு மேலேயே இருக்கிறது. உள்ளே உட்கார்ந்தால் வெளியே பஸ்காரர் ஹாரனை அமுக்குகிறார், கை அமுங்குவது தெரிகிறது, சத்தம் இல்லை. பக்கத்தில் இரண்டு ஆட்டோக்காரர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், சத்தம் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. டோக்கன் கொடுக்கிற அக்காவிடம் போய், இது என்ன ஜன்னல் என்று கேட்டேன். டபுள் கிளாஸ், நடுவில் இடைவெளி விட்டு இரண்டு கண்ணாடி, சத்தம் வராது என்றார்.

அன்றைக்குப் பிடித்தேன் அப்பாவை. விடவில்லை. சாப்பிட மாட்டேன் என்றேன். கடையில் பப்ஸ் வாங்கிச் சாப்பிட்டேன், அது வேறு. உங்களுக்கும் தூக்கம் வருமே அப்பா என்றேன். அதில்தான் அவர் விழுந்தார். பழைய மர ஜன்னலைக் கம்பியோடு பெயர்த்து எடுத்துவிட்டு, வெள்ளை பிரேம் வைத்து, இரட்டைக் கண்ணாடி போட்டார்கள். உங்கள் கடை இல்லை, வேறு ஆட்கள். வீட்டுக்கே இந்த ஒரு ஜன்னல்தான் அப்படி. கிரில் அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. அந்த அப்புறம் வரவேயில்லை.

அதில்தான் ஒரு வினை. பழைய ஜன்னல் கதவு உள்ளே திறக்கும். புதுசையும் அப்படியே போட்டிருக்கலாம். ஆனால் பிரேம் கொஞ்சம் பெரிது, உள்ளே திறந்தால் இந்தப் பீரோவில் இடிக்கிறது. பீரோவை நகர்த்துங்கள் என்றார்கள் வந்தவர்கள். அம்மா நகர்த்த விடவில்லை. அது குபேர மூலையாம். அவள் சீராகக் கொண்டுவந்த பீரோவாம், வந்த நாளிலிருந்து அங்கேதான் நிற்கிறதாம். அதற்குள் குபேரன் இல்லை அண்ணா, பழைய பெட்ஷீட்தான் இருக்கிறது. சரி, பீரோ நகரவில்லை, ஜன்னல் வெளியே திறக்கிற மாதிரி போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலையில் சித்தப்பா சந்தில் வந்து நின்றார். அவர் அதிகம் பேச மாட்டார். திறந்திருந்த ஜன்னல் கதவைக் கையால் அளந்து பார்த்தார். அப்புறம் தெருவில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். என் இடத்தில் இவன் ஜன்னல் நீட்டிக்கொண்டிருக்கிறது என்றார். தரையில் ஒன்றும் இல்லையே, அந்தரத்தில்தானே நிற்கிறது என்றார் அப்பா.

"தரை எனக்குன்னா, தரைக்கு மேல இருக்கிற காத்தும் எனக்குத்தான்."

"அப்ப மேல பறக்கிற காக்காகிட்டயும் வாடகை வாங்குடா."

இது இரண்டும் பெரியவர்கள் பேசின பேச்சு. படித்தவர்கள். நான் படிக்கவில்லை என்று இவர்கள்தான் எனக்குப் புத்தி சொல்வார்கள்.

சாயங்காலத்துக்குள் சித்தப்பா ஒரு இரும்புக் குழாயைக் கொண்டுவந்து, ஜன்னல் கதவுக்கு நேராகக் குழி தோண்டி, சிமென்ட் போட்டு நட்டுவிட்டார். கதவு நாலு விரல் திறக்கும், அதற்கு மேல் குழாயில் முட்டும். துணி காயப்போட என்றார். ஒரே ஒரு குழாயில் எப்படித் துணி காயப்போடுவார் என்று எவனும் கேட்கவில்லை. அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. நீ என்னடா அடைக்கிறது, நானே அடைக்கிறேன் என்று உள்பக்கம் ஸ்குரூ போட்டு முறுக்கிவிட்டார். சந்து வாசல் கேட்டைச் சித்தி உள்ளேயிருந்து பூட்டிக்கொண்டாள். முடிந்தது.

எனக்கு நல்லதாகப் போயிற்று. அவர்கள் அடித்துக்கொண்டதில் எனக்கு வேண்டியது நடந்தது. முதல் நாள் இந்தக் கட்டிலில் படுத்தேன் அண்ணா. என் மூச்சு எனக்கே கேட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிரைண்டர் சுற்றுகிறது, சித்தி வாய் அசைகிறது, சத்தமே இல்லை. மத்தியானம் படுத்து விளக்கு வைக்கிற நேரத்துக்கு எழுந்தேன். அப்பாகூடப் பஞ்சில்லாமல் தூங்கினார்.

அம்மாவுக்கும் சந்தோஷம்தான். ஒரு வாரம். வருகிறவர்களை எல்லாம் கூட்டிவந்து காட்டினாள். "பாருங்க, தொண்டை கிழியக் கத்துறா, ஒண்ணும் கேக்கல" என்று சிரிப்பாள். சித்தி அப்போது அரிசி களைந்துகொண்டிருப்பாள்.

அப்புறம் ஆரம்பித்தது. சோறு வடித்துக்கொண்டிருப்பாள், பாதியில் கரண்டியோடு இங்கே வந்து நிற்பாள். "என்ன சொல்றா அவ?" ஒன்றும் சொல்லவில்லை அம்மா, போனில் பேசுகிறாள் என்பேன். "யார்கிட்ட?" எனக்கெப்படித் தெரியும் என்பேன். "என்னைப் பத்தித்தான். பாரு, 'ஜெயக்கொடி'ன்னு என் பேருக்குத்தான் வாய் போகுது பாரு." கண்ணாடிக்கு மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பாள். புதுக் கண்ணாடி போட்ட கண் வேறு. நாள் முழுக்க நின்றாள் அண்ணா. இந்த இடத்தில் தரை தேய்ந்திருக்கும்.

என்னை மொட்டை மாடிக்கு அனுப்பினாள், ஒளிந்திருந்து கேட்டுவிட்டு வா என்று. போனேன், வேறு வழி. சித்தி உளுந்துக்காரனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். வந்து சொன்னேன். "உளுந்து விலைக்கு யாராவது அப்படிச் சிரிப்பாங்களாடி" என்று என்னையே அடிக்க வந்தாள். அடுத்த தடவை நான் மாடிக்குப் போகும்போது சித்தி அண்ணாந்து பார்த்துவிட்டாள். என்னைத் திட்டுவாள் என்று பார்த்தால், குரலை இறக்கிக் கேட்கிறாள். "ஏண்டி மோனி, உங்கம்மா நாள் பூரா அங்க நின்னு என்னைப் பத்தி என்னதான் சொல்லிக்கிட்டிருக்கா?"

முன்னாலாவது சாட்சி மட்டும்தான். இப்போது தபால்காரியும் ஆகிவிட்டேன்.

அப்புறம் கையாலேயே சண்டை போடப் பழகிக்கொண்டார்கள். உண்மையாகத்தான் அண்ணா. சித்திக்கு ஒரு வழக்கம் உண்டு, திட்டும்போது இரண்டு கையையும் தட்டித் தட்டித் திட்டுவாள். ஒரு திட்டு, ஒரு தட்டு. அது கண்ணாடி வழியாகத் தெரியும். அம்மா இங்கேயிருந்து விரலை மடக்கிக் காட்டுவாள். சேலையை விரித்து ஓட்டை என்று காட்டுவாள். அவள் ஒன்று காட்டுவாள், இவள் ஒன்று காட்டுவாள். நான் இதே கட்டிலில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு படுத்திருப்பேன். சத்தம் இல்லையா, எனக்குப் போதும். எக்கேடோ கெடட்டும்.

போன வாரம் அன்றைக்கும் அப்படித்தான். அப்பா டூட்டி. சித்தப்பா வண்டியில் மாவு போடப் போய்விட்டார். ஏதோ கல்யாண ஆர்டர் என்று சித்தி காலையிலிருந்து அரைத்துக்கொண்டிருந்தாள். நான் படுத்திருந்தேன். அம்மா வழக்கம்போல நின்றிருந்தாள்.

"பாருடி, அவ ஆடுறதை" என்றாள். தலையைத் தூக்கிப் பார்த்தேன். சித்தி கிரைண்டர் பக்கத்தில் குனிந்து வாயை அகலமாகத் திறந்து என்னமோ கத்துகிறாள். ஒரு கையைத் தூக்கித் தூக்கி ஆட்டுகிறாள். அம்மாவும் பதிலுக்கு இங்கேயிருந்து கையை ஆட்டினாள். நீயும் உன் மாவும் என்று என்னமோ. எனக்குச் சலிப்பாக இருந்தது, திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அம்மா கையை இறக்கிவிட்டாள். கண்ணாடிக்கு மூக்கை ஒட்டினாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"அவ கை தட்டல."

விடும்மா, வேஷம் போடுகிறாள், உன்னை வரவழைக்க என்றேன். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். எனக்கு எப்படித் தெரியும்?

"இல்லடி. தட்டாம அவளுக்குத் திட்ட வராது. இன்னொரு கை எங்க இருக்கு பாரு."

இன்னொரு கை கழுத்தில் இருந்தது. முந்தானை பெல்ட்டில் சுற்றிக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தது. கையைக் கழுத்துக்கும் சேலைக்கும் நடுவில் விட்டுக்கொண்டு நின்றாள். சுவிட்சு எதிர்ச் சுவரில், எட்டாது. அதோ, அந்தச் சிவப்பு.

அம்மா ஜன்னலைப் பிடித்துத் தள்ளினாள். திறக்குமா? ஸ்குரூ. ஸ்குரூவைக் கழற்றினாலும் குழாய். தெரு வழியாக ஓடினால் கேட்டு பூட்டு. நான் ஸ்குரூ டிரைவரைத் தேடினேன். நான் ஒன்றும் சும்மா நிற்கவில்லை, தேடினேன். அதற்குள் அம்மா சமையற்கட்டுக்கு ஓடி இரும்புத் தோசைக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஒரே போடு. உள் கண்ணாடி தூளாகிக் கொட்டிற்று. ஆனால் டபுள் கிளாஸ் இல்லையா, அந்தப் பக்கக் கண்ணாடி அப்படியே நிற்கிறது. அம்மாவுக்கு அது தெரியவில்லை. உடைத்துவிட்டோம் என்று கையை உள்ளே விட்டாள், போய் முட்டிக்கொண்டது. அப்போதுதான் கை கிழிந்தது. இழுத்துக்கொண்டு இன்னொரு போடு போட்டாள். அது உடைந்தது.

உடைந்ததும் சத்தம் உள்ளே வந்தது அண்ணா. இரண்டு மாதம் கழித்து. கிரைண்டர் சத்தம் மட்டும்தான். சித்தி குரல் இல்லை, அது அதற்குள் நின்றுபோயிருந்தது.

அம்மா அப்படியே ஏறி அந்தப் பக்கம் குதித்தாள். என்ன உடம்பு என்று பார்த்தால் நம்ப மாட்டீர்கள், ஒரு மாடிப்படி ஏற அரை மணி நேரம் புலம்புகிறவள். சுவிட்சை அணைத்தாள். பெல்ட்டைக் கையால் பின்னால் சுற்றிச் சேலையை விடுவித்தாள். சித்தி தரையில் உட்கார்ந்தாள், இருமினாள், கழுத்து முழுக்கச் சிவப்புக் கயிறு கட்டின மாதிரி. வாயில் வார்த்தை வர நேரமாயிற்று. நான் இங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வார்த்தை என்ன வந்தது தெரியுமா?

"மாவெல்லாம் கண்ணாடியைக் கொட்டிட்டியே அக்கா, கல்யாண மாவு."

"உசுரு போற நேரத்துல உனக்கு மாவாடி?"

"உன்னை யாரு வரச் சொன்னது?"

"நீதாண்டி கூப்பிட்ட."

"நான் எங்க உன்னைக் கூப்பிட்டேன்?"

அங்கேயே ஆரம்பித்துவிட்டார்கள். அம்மா கையிலிருந்து இரத்தம் சொட்டுகிறது. சித்தி கிழிந்த முந்தானையை இன்னும் கொஞ்சம் கிழித்து அந்தக் கையில் சுற்றிக்கொண்டே திட்டுகிறாள். இறுக்கிக் கட்டுகிறாள், வலிக்கட்டும் என்றே கட்டுகிறாள் என்று அம்மா திட்டுகிறாள். நான் தலையணையைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அதிலிருந்து ஒரு வாரமாக இதுதான். சேலை ஓட்டை போச்சு, உளுந்துத் தண்ணீர் போச்சு, இப்போது ஒரே விஷயம். சித்தி அந்த நேரத்தில் 'அக்கா' என்று கூப்பிட்டாளா இல்லையா. அம்மா சொல்கிறாள், என் கண்ணால் பார்த்தேன், அக்கா என்று வாய் அசைந்தது. சித்தி சொல்கிறாள், நான் மாரியம்மனைக் கூப்பிட்டேன், உன்னை ஏன் கூப்பிடப் போகிறேன், செத்தாலும் கூப்பிட மாட்டேன். நீ செத்துத்தான் போயிருப்ப, நான் வராவிட்டால், என்பாள் இவள். அந்த ஃபிளெக்ஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, விளக்கு வைத்த பிறகு ஒரு தடவை.

கடைசியில் என்னிடம்.

"நீதான இருந்த. நீயே சொல்லுடி, கூப்பிட்டாளா இல்லையா?"

எனக்கு எப்படி அண்ணா கேட்கும்? டபுள் கிளாஸ். ஒருத்தருக்கும் கேட்கவில்லை. அதைத்தான் சொல்கிறேன். கேட்கவில்லை, கேட்கவில்லை, கேட்கவில்லை. நம்ப மாட்டேன் என்கிறார்கள். நேற்றுச் சித்தி அந்த ஓட்டை வழியாக மாவுத் தூக்கை நீட்டினாள். அம்மாவுக்கு வலது கை ஆகாது இல்லையா, ஒரு வாரமாக மாவு, குழம்பு எல்லாம் அங்கேயிருந்துதான் வருகிறது. புளித்திருக்கிறது என்று திட்டிக்கொண்டே அம்மா சாப்பிடுகிறாள். தூக்கை வாங்கப் போனால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள் சித்தி. விடவே இல்லை. "என்ன கேட்டுச்சு உனக்கு? நிஜமாச் சொல்லு. நான் அவளைக் கூப்பிட்டனா?" என்கிறாள். அவளுக்கே தெரியவில்லை போல. கூப்பிட்டவளுக்கே தெரியாததற்கு நான் என்ன சாட்சி சொல்வது?

இவ்வளவு பகை வைத்துக்கொண்டு எதற்குப் பேச வேண்டும்? அதுதான் எனக்குப் புரியவே மாட்டேன் என்கிறது. பிடிக்காதவளிடம் நான் பேச மாட்டேன். பள்ளிக்கூடத்தில் ஒருத்தியிடம் ஒரு வருடம் பேசவில்லை, அவள் பேரே எனக்கு மறந்துவிட்டது. அதுதான் முறை. இவர்கள் இரண்டு பேரையும் பிரித்து வைத்தால்தான் உருப்படுவார்கள். அதனால்தான் சொல்கிறேன், இரண்டு கண்ணாடி, வேண்டுமானால் மூன்று போடுங்கள், கைப்பிடி வேண்டாம்.

அது என்ன குழாய் என்று பார்க்கிறீர்களா? அது அந்தக் குழாயுடைய அடிதான். சித்தப்பா மறுநாளே ரம்பத்தால் அறுத்து எடுத்துவிட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. வேறு வேலைக்குக் குழாய் தேவைப்பட்டது என்று அவராகவே இரண்டு தடவை சொன்னார்.

அம்மா இல்லை. தையல் பிரிக்க ஆஸ்பத்திரி போயிருக்கிறாள். சித்திக்கும் கழுத்தைக் காட்ட வேண்டுமாம், ஒரே ஆட்டோவில்தான் போனார்கள். ஆட்டோக்காரர் பாவம்.

என்ன அண்ணா, எழுந்துவிட்டீர்கள்? அளக்கவில்லையா?

என்ன தெரியும் உங்களுக்கு?

அம்மா போன் பண்ணினாளா? எப்போது? காலையிலேயேவா? இருங்கள், என்ன சொன்னாள், அப்படியே சொல்லுங்கள். ஒற்றைக் கண்ணாடி. பக்கவாட்டில் தள்ளித் திறக்கிறது. சந்துப் பக்கம் ஒரு விரல்கூட நீட்டக் கூடாது. சரி. தூக்குச் சட்டி போகிற அளவுக்கு வழி வேண்டும். தூக்குச் சட்டியா?

அப்புறம் இன்னொரு போனா? பொம்பளைக் குரலா? பேர் சொல்லவில்லையா? எதிர் வீட்டிலிருந்து பேசுகிறேன் என்றாளா? அதேதான் சொன்னாளா, தள்ளித் திறக்கிறது, ஒற்றைக் கண்ணாடி? குரல் கரகரப்பாக இருந்ததா? சித்திதான். சந்தேகமே இல்லை, சித்திதான்.

ஒருத்தி சொன்னது இன்னொருத்திக்குத் தெரியாது அண்ணா. தெரிந்திருந்தால் மாற்றிச் சொல்லியிருப்பார்கள்.

பொண்ணு வேற மாதிரி சொல்லும், கண்டுக்காதீங்க என்று வேறு சொன்னார்களா? இரண்டு பேருமா? அப்படியானால் இவ்வளவு நேரம் எல்லாம் தெரிந்துகொண்டேதான் உட்கார்ந்திருந்தீர்களா? நல்ல ஆள் நீங்கள்.

போடுங்கள். அவர்களுக்கு வேண்டியதையே போடுங்கள். அகலமாகவே போடுங்கள், நாளைக்கு ஆளே போய் வரட்டும். எனக்கென்ன.

இல்லை, அழவில்லை. தூள் பறக்கிறது.

அண்ணா, உங்கள் கடை எங்கே இருக்கிறது? குகை ஏரியாவிலா? பஸ் இருக்கிறதே. அங்கே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? பெண்கள் இருக்கிறார்களா? இல்லாவிட்டால் என்ன, நான் வருகிறேன். பில் போடுகிற வேலை வேண்டாம், எனக்கு உட்கார்ந்து எழுத வராது. கண்ணாடி அறுக்கிற வேலை சொல்லிக்கொடுங்கள். கை கிழிந்தால் கிழியட்டும், கிழிவது எப்படி என்று பார்த்துவிட்டேன். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஜன்னலை வாங்கியவள், இதை வாங்க மாட்டேனா?

சத்தமா? மெஷின் சத்தம் தாங்காது என்கிறீர்களா? எந்நேரமும் கிர்ரென்று கத்துமா? கத்தட்டுமே அண்ணா. மெஷின் கத்திவிட்டு என் முகத்தைப் பார்க்காது இல்லையா?

அந்த டேப்பின் நுனியை இப்படிக் கொடுங்கள். இந்தப் பக்கம் நான் பிடிக்கிறேன்.